மூக்கில் குடியிருக்கும் நிமோகாக்கஸ்

1881ஆம் ஆண்டில் ஒரே கிருமியைப் பற்றி இரண்டு நாடுகளிலிருந்து தனித்தனியே அறிவிப்புகள் வந்தன. பிரான்சில் லூயி பாஸ்டர், வெறிநாய்க்கடி நோயால் இறந்த ஒரு குழந்தையின் எச்சிலை முயல்களுக்கு ஊசி வழியாக ஏற்றினார். அமெரிக்க ராணுவ மருத்துவர் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க் தம்முடைய எச்சிலையே முயல்களுக்கு ஏற்றினார். இரண்டு இடத்திலும் முயல்கள் விரைவில் இறந்தன. அவற்றின் இரத்தத்தில், இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருந்த உருண்டை வடிவப் பாக்டீரியா தெரிந்தது.

பாஸ்டரின் எச்சில் ஒரு நோயாளியுடையது. ஸ்டெர்ன்பெர்க்கின் எச்சிலோ நல்ல உடல்நிலையில் இருந்த மனிதருடையது. முயலைக் கொல்லும் கிருமி அவர் வாயிலும் தொண்டையிலும் இருந்துகொண்டே இருந்திருக்கிறது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கிருமியைத்தான் இன்று நிமோகாக்கஸ் என்கிறோம். நிமோனியா, மூளைக்காய்ச்சல், இரத்தத்தில் பரவும் தொற்று, குழந்தைகளுக்குக் காதில் சீழ் வடிதல் எல்லாவற்றுக்கும் அது காரணமாகிறது. 2015ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 5 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் இந்த ஒரு பாக்டீரியாவால் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனாலும், இதைச் சுமக்கும் பெரும்பாலானவர்களுக்கு அது தங்கள் மூக்கில் இருப்பதே தெரிவதில்லை. கொல்லக்கூடிய ஒரு கிருமி நம் சுவாசப் பாதையின் சவ்வில் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் தங்கிவிட்டுப் போகிறது என்றால், அந்தச் சவ்வில் ஏதோ நடக்கிறது என்றுதான் பொருள். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். மூக்குத் துவாரத்தின் வழியாக உள்ளே போய்க்கொண்டே இருந்தால், அண்ணத்துக்கு மேலே, மூக்கு தொண்டையோடு சேரும் ஒரு சிறிய அறை வரும். நிமோகாக்கஸின் முதன்மையான வீடு அதுதான். கொரோனா காலத்தில் மூக்குக்குள் நீளமான குச்சியை விட்டு மாதிரி எடுத்தார்களே, அந்தக் குச்சி தொட்ட இடம். பிறந்து சில வாரங்களிலேயே குழந்தைகளின் மூக்கில் இது வந்து சேர்கிறது. தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் நடந்த ஆய்வில், இரண்டு மாதம்கூட நிரம்பாத பருவத்திலேயே ஏறத்தாழ பாதிக் குழந்தைகளிடம் நிமோகாக்கஸ் இருந்தது தெரியவந்தது. பிறந்தவுடன் வைட்டமின் ஏ கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் இந்தக் குடியேற்றம் சற்றுத் தாமதமானது என்பதும் அதே ஆய்வு காட்டிய செய்தி. சளிச்சவ்வின் செல்கள் ஒழுங்காக வளர வைட்டமின் ஏ தேவை என்பதை நினைத்தால், இது வியப்பானதில்லை.

வயது ஏற ஏறச் சுமப்பவர்களின் எண்ணிக்கை குறைகிறது. வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களிடமே பொதுவாக இது காணப்படும். சின்னக் குழந்தைகளோடு ஒரே வீட்டில் இருப்பவர்களிடம் கொஞ்சம் கூடுதலாக. ஒரு வகை வந்து சில வாரமோ சில மாதமோ இருக்கும், மறையும், இன்னொரு வகை வரும். நிமோகாக்கஸில் மேலுறையின் சர்க்கரை அமைப்பைப் பொறுத்து நூறு வகைக்கு மேல் இருப்பதால், இந்த வரத்துக்கும் போக்குக்கும் குறைவே இல்லை.

சளிப்படலமும் அதன் நகர்வும்

ஒரு நாளைக்கு நாம் இழுக்கும் காற்று ஏறத்தாழ 10,000 லிட்டர். தூசி, மகரந்தம், பூஞ்சைத் துகள், பிறர் இருமியதில் வந்த நீர்த்துளி எல்லாம் அதோடு உள்ளே போகின்றன. அவ்வளவையும் எதிர்கொள்ளும் சவ்வு மெல்லியது. மூக்கிலிருந்து மூச்சுக்குழாயின் கிளைகள் வரை அதன் மேற்பரப்பில் பெரும்பாலும் இரண்டு வகைச் செல்கள் கலந்திருக்கின்றன. ஒரு வகை சளியைச் சுரக்கும். இன்னொன்றின் தலையில் நுண்ணிழைகள் இருக்கும், செல் ஒன்றுக்கு ஏறத்தாழ 200. இந்த இழைகள் நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை அடிக்கின்றன. காற்று வீசும்போது நெல்வயலில் அலை ஓடுவதைப் போல, பக்கத்துச் செல்லின் இழைகள் ஒன்றை அடுத்து ஒன்றாகச் சாய்ந்து நிமிர்கின்றன. அந்த அசைவில், மேலே மிதக்கும் சளிப்படலம் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் தொண்டையை நோக்கி நகர்கிறது. நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். வயிற்றின் அமிலம் மீதியைப் பார்த்துக்கொள்கிறது.

சளி என்றால் கழிவு என்றே நாம் பழகியிருக்கிறோம். உண்மையில் அதில் பெரும்பங்கு நீர்தான், ஆனால் மிச்சமிருக்கும் சிறு பங்கில் பல வேலைகள் நடக்கின்றன. மியூசின் என்னும் நீண்ட புரதங்கள் வலையாகப் பின்னிக்கொண்டு துகள்களைப் பிடிக்கின்றன. லாக்டோபெரின் என்னும் புரதம், பாக்டீரியாவுக்குத் தேவையான இரும்புச்சத்தைக் கைக்கு எட்டாமல் பிடித்துவைக்கிறது. டிபென்சின் போன்ற சிறு புரதங்கள் பாக்டீரியாவின் மேற்சவ்வில் துளையிடுகின்றன. அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டறிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1922இல், லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் லைசோசைமைப் பற்றி அறிவித்தார். அவருக்கு ஜலதோஷம் பிடித்திருந்தபோது தம் மூக்குச் சளியை எடுத்துப் பாக்டீரியா வளர்க்கும் தட்டில் சோதித்தார். சளிக்கு அருகில் இருந்த ஒருவகைப் பாக்டீரியா கரைந்துபோனது. பாக்டீரியாவின் செல்சுவரை வெட்டும் நொதி அது. கண்ணீரிலும் எச்சிலிலும் இருக்கிறது.

இவற்றோடு ஆன்டிபாடிகளும் உண்டு. சவ்வுக்குக் கீழே இருக்கும் செல்கள் ஐஜிஏ என்ற ஆன்டிபாடியைத் தயாரிக்க, மேற்பரப்புச் செல்கள் அதை உள்ளிருந்து சுமந்துவந்து சளிக்குள் விடுகின்றன. அது பாக்டீரியாவை ஒன்றோடொன்று கோத்துக் கட்டியாக்கும். கட்டியானவை சளியோடு எளிதாக அடித்துச் செல்லப்படும். கொல்வதைவிட ஒட்டவிடாமல் அனுப்பிவிடுவதே அதன் வேலை.

நிமோகாக்கஸ் எப்படித் தங்குகிறது?

இவ்வளவையும் மீறி அது தங்குகிறது. எப்படி என்று பார்த்தால், நம் சளிப்படலத்தின் ஒவ்வோர் ஏற்பாட்டுக்கும் அதனிடம் ஒரு மறுமொழி இருப்பது தெரியும். பல்லாயிரம் ஆண்டுகளாக மனித மூக்கையே நம்பி வாழ்ந்த உயிருக்கு அப்படித்தான் இருக்கும்.

அதன் மேலுறை சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. பெரும்பாலான வகைகளில் அந்த உறை எதிர்மின்னேற்றம் கொண்டது. சளியின் மியூசினும் அப்படியே. இரண்டும் ஒன்றையொன்று விலக்குவதால் பாக்டீரியா சளியில் சிக்காமல் நழுவிக் கீழே செல்களை எட்டுகிறது. செல்லைத் தொட்டபின் தடித்த உறை இடைஞ்சல். அப்போது மெல்லிய உறை கொண்ட வடிவங்கள் முன்னுக்கு வருகின்றன. இரத்தத்துக்குள் போய்விட்டாலோ தடித்த உறைதான் உயிர் காக்கும், அங்கே அந்த வடிவம் பெருகுகிறது. ஒரே கிருமி, இடத்துக்குத் தகுந்த இரண்டு தோற்றம்.

ஐஜிஏவை நடுவில் வெட்டும் நொதி அதனிடம் உண்டு. லைசோசைம் வெட்டும் இடங்களில் தன் செல்சுவரை வேதியியல் முறையில் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறது. நியூராமினிடேஸ் என்ற நொதியால் மியூசினிலும் நம் செல்களின் மேற்பரப்பிலும் இருக்கும் சியாலிக் அமிலத்தைக் கழற்றுகிறது. அதனால் ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கிறது, கழற்றியது உணவாகவும் ஆகிறது. நிமோகாக்கஸ் ஹைட்ரஜன் பெராக்சைடையும் வெளிவிடுகிறது. புண்ணைத் துடைக்க மருந்துக்கடையில் வாங்குவோமே, அதே பொருள். பக்கத்தில் இருக்கும் வேறு பாக்டீரியாக்களை அதைக்கொண்டு ஒழிக்கிறது.

செல்களுக்கு எப்படித் தெரிகிறது?

இந்த இடத்தில்தான் நோயெதிர்ப்பு மண்டலம் உள்ளே வருகிறது. பாக்டீரியாவை அடையாளம் காணும் வாங்கிகள் நம் செல்களில் இருக்கின்றன. மனித உடலில் இல்லாத, பாக்டீரியாவில் மட்டும் இருக்கும் வேதிப்பொருள்களை அவை உணர்கின்றன. அப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று சார்லஸ் ஜேன்வே 1989இல் வாதிட்டார். 1996இல் பிரான்சின் ஸ்டிராஸ்பர்க்கில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு பழ ஈக்களில் டோல் என்ற மரபணு பூஞ்சைத் தொற்றிலிருந்து காப்பதைக் கண்டது. 1998இல் அமெரிக்காவில் புரூஸ் பாய்ட்லர் குழு அதே குடும்பத்து வாங்கி ஒன்று எலிகளில் பாக்டீரியாவின் மேலுறைப் பொருளை உணர்வதைக் காட்டியது. 2011இல் ஹாஃப்மனுக்கும் பாய்ட்லருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நிமோகாக்கஸின் மேற்பரப்பில் இருக்கும் கொழுப்பு சேர்ந்த புரதங்களை டோல் வாங்கிகளில் இரண்டாம் எண் கொண்டது உணர்கிறது. செல்லுக்கு உள்ளே வந்துசேரும் செல்சுவர்த் துணுக்குகளை நாட்-2 என்ற இன்னொரு வாங்கி உணர்கிறது. வாங்கி தூண்டப்பட்டதும் செல்லுக்குள் ஒரு தொடர்வினை ஓடி, உட்கருவில் சில மரபணுக்கள் இயக்கப்படுகின்றன. சைட்டோகைன்கள் என்னும் செய்திப் புரதங்கள் வெளியே வருகின்றன. அவற்றில் சில இரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்துகின்றன. சில வெள்ளணுக்களை அந்த இடத்துக்கு அழைக்கின்றன. சிவத்தல், வீக்கம், நீர்க்கசிவு என்று நாம் உணரும் அழற்சியெல்லாம் இதன் வெளித்தோற்றமே.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. ஒவ்வொரு மூச்சிலும் பாக்டீரியா வந்துகொண்டிருக்கும்போது சவ்வு ஏன் ஓயாமல் வீங்கிக் கிடக்கவில்லை? சவ்வின் செல்கள் எளிதில் கிளர்ந்தெழாதபடி அமைந்திருக்கின்றன. சில பாக்டீரியாப் பொருள்களை உணரத் தேவையான துணைப்புரதம் அவற்றில் குறைவு. சில வாங்கிகள் காற்றுப்பக்கம் இல்லாமல் செல்லின் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. மேலே மிதக்கும் பாக்டீரியாவை அவை பொருட்படுத்துவதில்லை. சவ்வைத் துளைத்துக் கீழே வந்தால் உடனே தெரிந்துகொள்கின்றன. நுரையீரலின் காற்றறைகளில் இருக்கும், கிருமிகளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்களையும் பக்கத்துச் செல்கள் சமிக்ஞை கொடுத்து அடக்கிவைத்திருக்கின்றன. ஏனென்றால் அங்கே காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தேவையில்லாத அழற்சி அங்கே மூச்சையே நிறுத்தும். நோயெதிர்ப்பு என்றவுடன் தாக்குதலை மட்டுமே நாம் நினைக்கிறோம். இந்த அடக்கத்தையும் அதன் திறமையாகவே நான் எண்ணுகிறேன். சுவாசப் பாதையில் அது இல்லாவிட்டால் நாம் பிழைத்திருக்க முடியாது.

நிமோகாக்கஸ் வந்து ஒட்டிக்கொண்டால் இந்த அடக்கம் சற்றே தளர்கிறது. எலிகளில் செய்த ஆய்வுகளில் படிப்படியாக நடப்பதைப் பார்த்திருக்கிறார்கள். முதல் சில நாளில் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் மூக்கின் சவ்வுக்கு வருகின்றன. அவை வேகமானவை, விழுங்கிக் கொல்லும், குறுகிய வாழ்நாள் கொண்டவை. ஆனால் நிமோகாக்கஸின் குடியேற்றத்தை அவை பெரும்பாலும் முடித்துவைப்பதில்லை. முடித்துவைப்பது அடுத்து வரும் கட்டம். மேக்ரோபேஜ்கள் சில பாக்டீரியாக்களை விழுங்கி, உள்ளே இருக்கும் லைசோசைமால் செல்சுவரை நொறுக்குகின்றன. அந்தத் துணுக்கை நாட்-2 உணர்கிறது. அதன் விளைவாக வெளியாகும் ஒரு செய்திப் புரதம் இரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் என்னும் வெள்ளணுக்களை மேலும் அழைக்கிறது. அவை மேக்ரோபேஜ்களாக மாறி மேலும் விழுங்குகின்றன. ஒரு பாக்டீரியாவை ஜீரணித்ததே அடுத்தவற்றுக்கான அழைப்பாகிறது.

இதற்குள் டி செல்கள் என்னும் வெள்ளணுக்களும் இந்தக் கிருமியை அடையாளம் காணக் கற்றுக்கொண்டிருக்கும். அவற்றில் ஒரு பிரிவு இன்டர்லூக்கின்-17 என்ற சைட்டோகைனைச் சுரந்து வெள்ளணுக்கள் வரத்தை நீட்டிக்கிறது. எலிகளில் இந்த டி செல்கள் இல்லாவிட்டால் நிமோகாக்கஸ் மூக்கைவிட்டுப் போவதில்லை. ஆன்டிபாடி இல்லாத எலிகள்கூட முதல் குடியேற்றத்தைக் களைந்துவிடுகின்றன. இவை அனைத்தும் வாரக்கணக்கில் நடக்கின்றன. காய்ச்சலோ இருமலோ இல்லாமல், பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருக்கும் குழந்தையின் மூக்கிலும் இப்படி ஒரு வேலை மெதுவாக நடந்துகொண்டிருக்கலாம்.

லிவர்பூலில் மனிதர்களிடம்

எலியில் கண்டது மனிதருக்குப் பொருந்துமா என்பது நியாயமான ஐயம். நிமோகாக்கஸ் இயற்கையில் மனிதரையே சார்ந்த கிருமி. இங்கிலாந்தில் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஸ்டீபன் கார்டன், டேனியலா ஃபெரெய்ரா ஆகியோரின் குழுவினர் அதற்கு நேரடியான வழி ஒன்றை எடுத்தார்கள். நலமான, வயதுவந்த தன்னார்வலர்களின் மூக்கில் அளவறிந்து நிமோகாக்கஸ் சொட்டுகளை விட்டார்கள். தேர்ந்தெடுத்த வகை பெனிசிலினுக்குக் கட்டுப்படுவது. ஒவ்வொருவரிடமும் அவசரத்துக்கென மாத்திரையும் வெப்பமானியும் கொடுத்து, நாள்தோறும் கண்காணித்தார்கள். சிலருக்குக் கிருமி தங்கியது, சிலருக்குத் தங்கவில்லை. தங்கியவர்கள் நோயுறவில்லை.

கிருமி தங்கி, பிறகு நீங்கியவர்களை மாதங்கள் கழித்து அழைத்து அதே வகையை மறுபடி விட்டுப் பார்த்தார்கள். இந்த முறை அவர்களிடம் அது தங்கவில்லை. ஒரு குடியேற்றம், நோய் எதையும் உண்டாக்காமலேயே, அடுத்த குடியேற்றத்தைத் தடுக்கும் பாதுகாப்பை விட்டுச் சென்றிருந்தது. மூக்கின் உள்பக்கத்திலிருந்து வலியில்லாமல் சுரண்டி எடுத்த செல்களைப் பார்த்தபோது, எலியில் கண்டதைப் போலவே குடியேற்றத்துக்குப் பின் மோனோசைட்டுகள் அந்தச் சவ்வுக்கு வந்திருப்பதும் தெரிந்தது. மூக்கில் கிருமி இருந்தவர்களின் நுரையீரல் மேக்ரோபேஜ்கள்கூட அதிகச் சுறுசுறுப்போடு கிருமிகளை விழுங்கின.

குழந்தைகள் மாறி மாறிப் பல வகைகளைச் சுமந்து, மெல்ல மெல்லக் குறைவாகச் சுமப்பவர்களாக மாறுவதற்கு இது விளக்கம் தருகிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு "கிருமி வரட்டும், எதிர்ப்பு வளரும்" என்று குழந்தைகளின் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது ஆபத்தான வாதம். வளர்ந்தவர்களிடம், கண்காணிப்பில், மருந்துக்குக் கட்டுப்படும் வகையைக் கொண்டு செய்த ஆய்வு அது. கைக்குழந்தையிடம் அந்தப் பாடம் சில நேரம் உயிரையே பறித்துவிடுகிறது.

அழற்சி கிருமிக்கும் உதவும்

இந்தத் துறையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். நிமோகாக்கஸ் நிமோலைசின் என்ற நச்சுப்புரதத்தை உண்டாக்குகிறது. அது நம் செல்களின் சவ்வில் துளையிடும். அதனால் அழற்சி பெருகும். மறைந்து வாழ விரும்பும் ஒரு கிருமி ஏன் தன்னைக் காட்டிக்கொடுக்கும் நச்சை விடாமல் வைத்திருக்கிறது? நியூயார்க்கில் ஜெஃப்ரி வெய்சரின் ஆய்வகத்தில் எலிக்குட்டிகளிடம் இதைச் சோதித்தார்கள். நிமோலைசின் இல்லாத வகை மூக்கில் தங்கியது, ஆனால் மூக்கிலிருந்து வெளியே சிந்துவது குறைந்தது, ஒரு குட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுவதும் குறைந்தது. நச்சு அழற்சியை உண்டாக்குகிறது, அழற்சி சளியைப் பெருக்குகிறது, பெருகிய சளி கிருமியை அடுத்த மூக்குக்குக் கொண்டுபோகிறது.

ஆகவே மூக்கொழுகல் நம் தற்காப்பு என்பது சரி. அதே நேரம் கிருமியின் பயணத்துக்கும் அது வழி. குழந்தைக்குச் சளி பிடித்திருக்கும்போது கை கழுவுவதும் மூக்கைத் துடைத்த துணியைத் தனியே வைப்பதும் இருமும்போது முழங்கையால் மறைப்பதும் இதனால்தான் அவ்வளவு பயன் தருகின்றன.

மூக்கில் நிமோகாக்கஸ் தனியாக இருப்பதும் இல்லை. ஹீமோபிலஸ் இன்ஃப்ளூயென்சா என்ற இன்னொரு பாக்டீரியாவும் அதே இடத்தில் வாழும். ஆய்வுத்தட்டில் இரண்டையும் சேர்த்து வளர்த்தால், நிமோகாக்கஸ் தன் ஹைட்ரஜன் பெராக்சைடால் ஹீமோபிலஸைக் கொன்றுவிடும். எலியின் மூக்கில் சேர்த்து விட்டாலோ நிமோகாக்கஸ்தான் மறைகிறது. ஹீமோபிலஸின் கூறுகள் நியூட்ரோபில்களைத் தூண்டுகின்றன. தூண்டப்பட்ட அந்தச் செல்கள் நிமோகாக்கஸை விழுங்குகின்றன. ஒரு பாக்டீரியா இன்னொன்றை நம் வெள்ளணுக்களின் வழியாக வெளியேற்றுகிறது.

கணக்கு தவறும் நேரங்கள்

மூக்கில் இருக்கும் பாக்டீரியா சிறு சிறு துளிகளாக நுரையீரலுக்குள் இறங்குவது நாள்தோறும் நடக்கிறது, குறிப்பாகத் தூக்கத்தில். நுரையீரல் கிருமியற்ற இடம் என்று பாடநூல்கள் நீண்ட காலம் சொல்லிவந்தன. மரபணு வரிசையைப் படிக்கும் முறைகள் வந்தபின், நலமானவர்களின் நுரையீரலிலும் மெல்லிய அளவில் பாக்டீரியா இருப்பது தெரிந்தது. இறங்குவதும் வெளியேற்றப்படுவதும் சமநிலையில் இருக்கும்வரை நோயில்லை.

அந்தச் சமநிலையைக் குலைப்பதில் முதலிடம் வைரஸுக்கு, அதிலும் இன்ஃப்ளூயென்சாவுக்கு. அது நுண்ணிழைச் செல்களை அழிக்கிறது, சளியின் நகர்வு நின்றுபோகிறது. வைரஸிடமும் நியூராமினிடேஸ் இருப்பதால், அது கழற்றிவிடும் சியாலிக் அமிலம் நிமோகாக்கஸுக்கு விருந்தாகிறது. வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் செய்திப் புரதங்கள் பாக்டீரியாவை விழுங்கும் செல்களின் வேலையைத் தளர்த்துகின்றன. லிவர்பூலில், வலுவிழக்கச் செய்யப்பட்ட உயிருள்ள ஃப்ளூ தடுப்பூசியை மூக்கில் தெளித்தவர்களிடம் மோனோசைட்டுகளின் வரத்து குறைந்து, நிமோகாக்கஸின் எண்ணிக்கை ஏறியதைக் கண்டார்கள். 1918ஆம் ஆண்டின் பெரும் ஃப்ளூவில் இறந்தவர்களின் நுரையீரல் மாதிரிகளைப் பல பத்தாண்டுகளுக்குப் பின் மறுபடி ஆராய்ந்தபோது, பெரும்பாலானவர்களைக் கொன்றது வைரஸைப் பின்தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியா என்பது தெரிந்தது. அந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் எங்கிருந்தோ வந்தவையல்ல, அவரவர் மூக்கிலும் தொண்டையிலும் ஏற்கெனவே இருந்தவை.

அடுத்தது புகை. பீடி, சிகரெட், காற்றோட்டமில்லாத அறையில் எரியும் விறகடுப்பு எல்லாமே நுண்ணிழைகளைச் செயலிழக்கச் செய்கின்றன, சளியைக் கெட்டியாக்குகின்றன. ஆண்டுக்கணக்கில் புகை பட்டவர்களுக்கு வரும் நாட்பட்ட சுவாச அடைப்பு நோயில், கீழ்ச்சுவாசப் பாதையிலேயே ஹீமோபிலஸ் போன்றவை குடியேறிவிடுகின்றன. அமெரிக்காவின் பஃபலோ நகரில் இப்படிப்பட்ட நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த சஞ்சய் சேத்தியின் குழு, ஏற்கெனவே உடலுக்குப் பழகிய பாக்டீரியா இருக்கும்போதைவிட, அதே இனத்தின் புதிய வகை ஒன்று வந்து சேரும்போது நோய் பொங்கும் வாய்ப்பு கூடுதல் என்று 2002இல் காட்டியது. அழற்சிக்காக வந்த நியூட்ரோபில்கள் விடும் நொதிகள் சவ்வைச் சிதைக்கின்றன. சிதைந்த சவ்வில் பாக்டீரியாவுக்கு இன்னும் வசதி. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபுநோயில், சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவைச் சுற்றி இதே சுழல் இன்னும் கடுமையாக ஓடுகிறது. அங்கே நுரையீரலை அழிப்பதில் கிருமிக்கு இருக்கும் பங்கைவிட, ஓயாமல் வரும் நம் வெள்ளணுக்களின் பங்கு குறைந்ததல்ல.

ஆஸ்துமாவிலும் இந்தப் பாக்டீரியாக்களின் பங்கு ஆராயப்பட்டிருக்கிறது. டென்மார்க்கில் கோபன்ஹேகனில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. ஆஸ்துமா உள்ள தாய்மார்களின் பிள்ளைகள் அவர்கள். ஒரு மாத வயதில் தொண்டையில் நிமோகாக்கஸ், ஹீமோபிலஸ், மொராக்செல்லா ஆகிய பாக்டீரியாக்களில் ஏதேனும் இருந்த குழந்தைகளுக்குப் பின்னாளில் இளைப்பும் ஆஸ்துமாவும் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இதில் பாக்டீரியா காரணமா, அல்லது அந்தக் குழந்தைகளின் நோயெதிர்ப்பு முன்பே வேறுவிதமாக அமைந்திருந்ததால் பாக்டீரியா எளிதில் தங்கியதா என்று அந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

நிமோனியாவில் நடப்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காற்றறைகளில் இறங்கிய பாக்டீரியாவை அங்குள்ள மேக்ரோபேஜ்களால் சமாளிக்க முடியாதபோது அடக்கம் முழுவதும் விலகுகிறது. நியூட்ரோபில்களும் இரத்த நீரும் காற்றறைகளுக்குள் பாய்கின்றன. எக்ஸ்ரேயில் வெண்மையாகத் தெரியும் பகுதி அதுதான். உயிரைக் காக்க வந்த அந்த வெள்ளத்தாலேயே நோயாளிக்கு மூச்சு முட்டுகிறது.

மஞ்சள் சளியும் மாத்திரையும்

சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ வந்தால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. நியூட்ரோபில்களில் இருக்கும் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி பச்சை நிறமானது. சளியில் அந்தச் செல்கள் மிகுந்தால் நிறம் மாறும். வைரஸ் உண்டாக்கிய சாதாரண ஜலதோஷத்திலும் இரண்டு மூன்று நாளில் இது நடக்கும். நிறத்தைப் பார்த்து மாத்திரை விழுங்கினால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. மூக்கில் அமைதியாக இருந்த நிமோகாக்கஸில் மருந்துக்குக் கட்டுப்படும் வகைகள் அழிந்து, கட்டுப்படாதவை மிஞ்சும். தென்னாப்பிரிக்காவில் 1977இலேயே பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத நிமோகாக்கஸ் மருத்துவமனைகளில் தென்பட்டது. அது பரவும் இடமும் நோயாளியின் நுரையீரலைவிட, நலமாக ஓடியாடும் குழந்தையின் மூக்குதான். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அரைகுறை ஆன்டிபயாடிக்கின் விளைவு இந்த வகையில் ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

மூச்சு வேகமாக வாங்குவது, விலாவுக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலம் பாரிப்பது, குழந்தை பால் குடிக்க மறுப்பது ஆகியவை வேறு கதை. இவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நிமோனியாவுக்கு உரிய நேரத்தில் உரிய ஆன்டிபயாடிக் உயிர் காக்கும்.

தடுப்பூசி செய்வது

நிமோகாக்கஸின் சர்க்கரை உறையை மட்டும் ஊசியாகப் போட்டால் வளர்ந்தவர்களின் உடல் ஆன்டிபாடி தயாரிக்கும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் சரியாகத் தயாரிக்காது. சர்க்கரையைப் பார்த்து டி செல்கள் உதவிக்கு வருவதில்லை என்பதே காரணம். அதனால் சர்க்கரையை ஒரு புரதத்தோடு வேதியியல் முறையில் இணைத்தார்கள். புரதத்தை அடையாளம் காணும் டி செல்கள் சர்க்கரைக்கும் சேர்த்து உதவுகின்றன. 7 வகைகளுக்கான இந்த இணைப்புத் தடுப்பூசி 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு வந்தது.

சில ஆண்டுகளில், ஊசி போட்டுக்கொள்ளாத முதியவர்களிடமும் அந்த 7 வகைகளால் வரும் கடும் நோய் குறைந்தது. தடுப்பூசியால் உண்டான ஆன்டிபாடி இரத்தத்திலிருந்து மூக்கின் சவ்வுக்கும் கசிந்து, அங்கே புதிதாக வரும் பாக்டீரியாவைக் கட்டியாக்கித் தங்கவிடாமல் செய்கிறது. பேரன் மூக்கில் தங்காதது பாட்டிக்குப் போகாது. அந்த 7 வகைகள் விட்டுப்போன இடத்தில் வேறு வகைகள், குறிப்பாக 19ஏ, பெருகின. அதனால்தான் 10, 13 எனக் கூடுதல் வகைகளைச் சேர்த்த தடுப்பூசிகள் பின்னர் வந்தன.

இந்தியாவில் 2017இல் இமாசலப் பிரதேசம் உள்ளிட்ட சில மாநிலங்களில் தொடங்கி, 2021இல் தமிழ்நாடு உட்பட நாடு முழுவதும் இது அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. பிறந்து 6 வாரத்தில் முதல் தவணை, 14 வாரத்தில் இரண்டாவது, 9 மாதத்தில் ஊக்கத் தவணை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியில் நடக்கும் தடுப்பூசி முகாமிலும் கிடைக்கும். தடுப்பூசி அட்டையில் பி.சி.வி. என்ற வரியில் மூன்று கட்டங்களும் நிரம்பியிருக்கின்றனவா என்று பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும். வளர்ந்தவர்களில் 65 வயதைத் தாண்டியவர்கள், நீண்ட நாள் நுரையீரல், இதய நோயோ சர்க்கரை நோயோ உள்ளவர்கள், புகைப்பவர்கள் ஆகியோர் தங்களுக்கான நிமோகாக்கஸ் தடுப்பூசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். உறையணிந்த பாக்டீரியாவை இரத்தத்திலிருந்து வடிகட்டும் முதன்மையான உறுப்பு அது.